மூன்றடி தள்ளி நின்ற அணி

மகள் பிறந்த பிறகு ஒரு ஆட்டத்தை முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை விளையாடி முடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒன்றே ஒன்று போதும். கூடைப்பந்தாட்டத்தில் அது நாற்பது நிமிடம், பத்துப் பத்து நிமிடமாக நாலு பகுதி. சோறு ஒன்று வைத்துக் கறி ஒன்று இறக்குகிற நேரம். இதெல்லாம் ஒரு ஆசையா என்று கேட்கலாம். நானும் அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அதைத் தள்ளி வைத்தேன். மகளுக்கு இப்போது மூன்று வயதாகப் போகிறது. அந்த ஆட்டத்தை நான் இன்னும் விளையாடவில்லை.

எங்கள் ஊர் கிளிநொச்சி நகரத்திலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம். குளத்து வாய்க்காலை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்தவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். பாடசாலையில் பெண்பிள்ளைகளுக்கு இருந்த ஒரே விளையாட்டு வலைப்பந்தாட்டம். ஏழாம் வகுப்பில் தொடங்கினேன். இடம்பெயர்ந்து இருந்த இரண்டு வருடத்தைத் தவிர்த்தால், உயர்தரப் பரீட்சை எழுதும் வரை அதை விடவில்லை. அதில் பந்தைப் பிடித்தவள் பந்தோடு ஓட முடியாது, பிடித்த இடத்திலேயே நிற்க வேண்டும். அவள் எறியப் போகும்போது எதிரணிக்காரி மூன்றடி தள்ளி நின்றுதான் கையை உயர்த்தலாம். ஒருத்தியை ஒருத்தி தொடக் கூடாது. அடக்கமான விளையாட்டு. ஊரில் ஒருவரும் அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

நாங்கள் கூடைப்பந்துக்கு மாறியது ஒரு மாமாவின் பிழையால். சண்டை நின்று வவுனியாப் பாதை திறந்த அடுத்த வருடம் எங்கள் அணித்தலைவியின் தாய்மாமன் கனடாவிலிருந்து வந்தார். மருமகள் விளையாடுகிறாள் என்று கேள்விப்பட்டு இரண்டு பந்தும் காற்றடிக்கிற பம்ப் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். செம்மண் நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட பந்து. நாங்கள் பிடித்துப் பழகியதைவிடப் பாரம். கையில் எடுத்ததுமே விளங்கிவிட்டது.

"இது வேற விளையாட்டுக்கு உரிய பந்து. மாமாவுக்கு வித்தியாசம் தெரியேல்லையோ?" என்று நான் கேட்டேன்.

"அவருக்குப் பந்து எண்டால் பந்து," என்றாள் அணித்தலைவி. "என்ன செய்யச் சொல்லுறாய்? திருப்பிக் கனடாவுக்கு அனுப்பட்டோ? பந்துக்கு ஏத்த விளையாட்டை விளையாடுவம்."

அவள் முன்பள்ளி ஆசிரியை. முப்பது சின்னப் பிள்ளைகளை ஒரு கைதட்டலில் இருத்தி எழுப்புகிறவள். அவள் விளையாடுவம் என்றால் விளையாடுவதுதான். நாங்கள் ஏழு பேர் சேர்ந்தோம். எல்லாரும் பாடசாலையில் வலைப்பந்து விளையாடியவர்கள், எல்லாரும் பாடசாலையை விட்டு விலகியவர்கள். அது எங்களுக்கு வேலை இல்லை, படிப்பு இல்லை, பரிசும் இல்லை. பின்னேரம் நாலு மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட ஒரு காரணம், அவ்வளவுதான். அந்தக் காரணத்துக்காக நான் காலையிலிருந்து காத்திருந்த நாட்கள் உண்டு.

இடம் என்று கிடைத்தது ஒரு அரிசி மில்லின் நெல் காயவிடுகிற சீமெந்துத் தளம். அறுவடைக் காலத்தில் அதில் கால் வைக்க முடியாது, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நெல். மற்ற மாதங்களில் எங்களுக்கு. பாலை மரத்தில் இரண்டு தூண் நட்டு, சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் றிம் இரண்டை வெல்டிங் கடையில் கொடுத்து வளையமாக்கிப் பொருத்தினோம். வளையத்துக்குப் பின்னால் பலகை இருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. பலகை கிடைக்காமல் தகரம் அடித்தோம். பந்து பட்ட ஒவ்வொரு தடவையும் அது போட்ட சத்தத்தில் மூன்றாம் நாள் மில்காரர் வந்துவிட்டார்.

"பிள்ளையள், தகரத்தைக் கழட்டுங்கோ. ஷெல் சத்தமெண்டு பின்னுக்கு இருக்கிற சனம் பங்கருக்குள்ள ஓடுது."

"ஐயா, இப்ப சமாதானம்தானே?"

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அதுகளின்ரை காதுக்குத் தெரியாதே."

கழற்றினோம். அதற்குப் பிறகு எங்கள் வளையம் பின்னால் ஒன்றுமில்லாமல் வானத்தைப் பார்த்தபடி நின்றது. அதனால் எங்களுக்குப் பந்தை நேரே வளையத்துக்குள் போடுவது நன்றாகப் பழகிவிட்டது. வேறு வழி இருக்கவில்லை.

சட்டங்கள் தெரிய வேண்டும் என்று மாமாவுக்கு எழுதினோம். அவர் ஆங்கிலத்தில் ஒரு சட்டப் புத்தகத்தைப் போட்டோப் பிரதி எடுத்து அனுப்பினார். நான் அப்போது ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிற தொண்டர் ஆசிரியை. அணியில் என்னை எல்லாரும் 'ரீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள், பாதி மரியாதை, பாதி பகிடி. மொழிபெயர்க்கிற வேலை என்னிடம் வந்தது. எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் நீல மையில் சட்டங்களை எழுதினேன். அடிமட்டம் வைத்து ஒவ்வொன்றின் கீழும் சிவப்புக் கோடு.

ஓரிடத்தில் ஒரே பக்கம் இரண்டு தரம் இருந்தது. அதற்கு அடுத்த பக்கம் இல்லை. எதிரணிக்காரியைத் தடுப்பது பற்றிய பகுதியின் நடுவில் அது அறுந்து நின்றது. மாமாவுக்குத் திரும்ப எழுதியிருக்கலாம். வெற்றிடமாக விட்டு, 'பக்கம் இல்லை' என்று குறித்திருக்கலாம். எனக்கு வெற்றிடம் பிடிக்காது. தெரியாது என்று சொல்வதும் கஷ்டம். வளையமும் பந்தும் எறிதலும் இரண்டு விளையாட்டுக்கும் பொதுதானே என்று யோசித்து, எனக்குத் தெரிந்ததை எழுதினேன்: 'எறிபவருக்கும் தடுப்பவருக்கும் இடையில் மூன்றடி இடைவெளி இருக்க வேண்டும்.' கீழே சிவப்புக் கோடும் போட்டேன். மற்ற எல்லாச் சட்டமும் போல அதுவும் ஒரு சட்டமாகிவிட்டது.

இரண்டு வருடம் நாங்கள் அப்படித்தான் விளையாடினோம். எங்களுக்குள்ளேயே மூன்றுக்கு மூன்று. நகரத்தில் பெடியள் விளையாடுவதை ஒரு தரம் பார்த்தோம். ஒருவனை ஒருவன் ஒட்டிக்கொண்டு நின்றான், தோளால் இடித்தான். பெடியள் எப்பவும் அப்படித்தானே, சட்டத்தை மதியாதவர்கள் என்று பேசிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் ஆனது. அவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. பெண் பார்க்க வந்தபோதே நான் விளையாடுவதைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டுப் பிறகு தெரியவந்தால் என்ற பயம். "விளையாடட்டுமன்," என்று அவர் தாயைப் பார்த்தார். மாமி, "காலை உடைக்காமல் விளையாடினால் சரி," என்றா. அவ்வளவுதான் பேச்சு. நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

மகள் வயிற்றில் இருந்தபோது தளத்தின் ஓரத்தில் சாக்கில் இருந்து பார்த்தேன். பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்து, பத்தியம் முடிந்து, நாலாம் மாதம் திரும்ப இறங்கினேன். முதல் நாள் பத்து நிமிடம் ஓடவே இடுப்பு விட்டுப்போய்விட்டது. மாமிக்கு ஒரேயொரு கட்டளை இருந்தது. ஓடிக் களைத்து வந்த சூட்டோடு பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது. பச்சைத் தண்ணியால் நெஞ்சைக் கழுவி, முதல் பாலைப் பீச்சி ஊற்றிவிட்டு, உடம்பு ஆறும் வரை இருந்து பிறகுதான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்கு வயிற்றோட்டம். மருத்துவமாது வந்தபோது கேட்டேன். "அப்பிடி ஒண்டும் இல்லை, உடனே குடுக்கலாம்," என்றா. இருவரில் யாரை நம்புவது என்று தெரியாமல் இருவரையும் நம்பினேன். ஆனால் செய்தது மாமி சொன்னதைத்தான். வயிற்றோட்டம் வந்தால் இரவு முழுக்க முழித்திருப்பது மருத்துவமாது இல்லையே.

அந்த நாட்களில்தான் அணித்தலைவி வவுனியாவுக்கு ஒரு பயிற்சிக்குப் போய், அங்கே பெண்கள் கூடைப்பந்து அணி ஒன்று இருப்பதைக் கண்டுகொண்டு வந்தாள். எங்களை விளையாட வரச் சொன்னார்களாம். எங்களுக்கு அதுவே முதல் ஆட்டம். எனக்கு அது பிள்ளை பிறந்த பிறகு வந்த ஒரே ஆட்டமும்.

"மகளுக்கு ஆறு மாதம்தானே," என்றேன்.

"ஆறு மாதப் பிள்ளையை நாங்கள் விளையாடச் சொல்லேல்லை, ரீச்சர். உன்னைத்தான்."

இரண்டு வாரம் யோசித்தேன். அவரிடம் கேட்டேன். "நானும் வாறன், பிள்ளையை நான் வைச்சிருக்கிறன். நீர் விளையாடும்," என்றார். மாமியிடம் கேட்டேன். "சனம் கதைக்கும்," என்றா, பிறகு தானே, "சனம் எதுக்குத்தான் கதைக்கேல்லை," என்றா. எல்லாரும் சரி என்ற பிறகும் ஒரு நாள் கூட எடுத்துக்கொண்டேன். அதை ஏன் எடுத்தேன் என்று இன்றும் தெரியாது.

போகிற வழியில் ஓமந்தையில் ஆமிச் சோதனைக்கு பஸ்சை விட்டு இறங்க வேண்டும். வீங்கி உருண்டு நிற்கிற எதையும் அங்கே கொண்டுபோனால் கேள்வி வரும் என்று பயந்து, நாங்களே முதல் நாள் பந்துகளின் காற்றைப் பிடுங்கிச் சப்பட்டையாக்கிப் பையின் அடியில் வைத்தோம். பிள்ளையின் பையில் துணிகள், வெந்நீர்ப் போத்தல், குளிருக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. என் பை மற்ற ஆறு பேரின் பைகளைச் சேர்த்ததைவிடப் பெரியது. வவுனியாவில் இறங்கி ஒரு பள்ளிக்கூட மதிலோரம் பந்துக்குக் காற்றடித்தோம். அவர்களிடம் நல்ல பந்து ஆறு இருந்தது. எங்கள் பந்து வெளியே எடுக்கப்படவே இல்லை.

அங்கேதான் வாழ்க்கையில் முதன்முதலாக உண்மையான பலகையுள்ள வளையத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பலகை, அதில் சிவப்புச் சதுரம். எங்கள் உயரமானவள் பலகையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சத்தமே போடாது போல," என்றாள்.

அவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே ஒரு கதிரையில் இருந்தார். நான் நெஞ்சை இரண்டு துணியால் இறுக்கிக் கட்டியிருந்தேன். விசில் ஊதியது.

முதல் இரண்டு பகுதியும் எப்படிப் போயின என்று சொல்ல வெட்கம். பந்தைப் பிடித்ததும் எங்களில் பாதிப்பேர் ஆணி அடித்தது போல நின்றோம், பழைய பழக்கம். அவர்கள் எறிய வரும்போது நாங்கள் ஒழுங்காக, வரிசையாக, மூன்றடி பின்னால் போய்க் கையை உயர்த்தினோம். அவர்கள் நிதானமாகக் குறி பார்த்துப் போட்டார்கள். இருபத்திரண்டுக்கு ஒன்பது.

இடைவேளையில் அவர்களின் அணியில் ஒரு பிள்ளை எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். முஸ்லிம் பிள்ளை, தலையை மூடி, முழுக்கை போட்டு விளையாடினாள். அவர்கள் அணியில் மிகவும் வேகமானவள் அவள்தான். என் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

"அக்கா, ஒண்டு கேட்டா கோவிக்க மாட்டீங்களே?"

"கேளுங்கோ."

"எங்களுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?"

"என்ன மரியாதை?"

"பந்து எறியப் போனா ஒதுங்கி வழி விடுறீங்களே. எங்கட ஊட்டுல வாப்பாக்குக்கூட இப்பிடி ஒருத்தரும் வழி விடுறல்ல."

"மூண்டடி விடத்தானே வேணும்," என்றேன். "சட்டம்."

அவள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் என் மடியில் ஊற்றுப்பட்டது. "அது நெட்போல் அக்கா. இதுல ஒட்டிக்கிட்டு நிக்கலாம். மூஞ்சிக்கு முன்னால கைய வைக்கலாம். நீங்க வந்து மறிப்பீங்க, மறிப்பீங்க எண்டு பாத்துப் பாத்து எங்களுக்கே அலுத்துப் போச்சி."

எங்கள் ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொப்பியில இருக்கே," என்றாள் அணித்தலைவி மெதுவாக.

"அந்தப் பக்கம் புத்தகத்தில இருக்கேல்லை," என்றேன். "நான் எனக்குத் தெரிஞ்சதை எழுதினனான்."

"சிவப்புக் கோடு போட்டு?"

"ஓம்."

பிறகு உயரமானவள் தன் கால்களைப் பார்த்துச் சொன்னாள். "ரண்டு வருசமாப் பின்னுக்குப் போய்ப் போய் இதுகள் பழகிட்டுது. இனி இருபது நிமிசத்தில இதுகளுக்கு ஆர் விளங்கப்படுத்திறது? ரீச்சர், நீயே சொல்லு."

"ரீச்சரைக் குறை சொல்லாதை," என்றாள் அணித்தலைவி. "ரீச்சர் எழுதினால் பிழை வராது எண்டு நம்பின எங்களைச் சொல்லோணும்."

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர்கள் ஒருத்தியை ஒருத்தி ஒட்டி நின்று பழகிப் பார்த்தார்கள். அப்போது அவர் தூரத்திலிருந்து மகளைத் தூக்கிக் காட்டினார். அவள் தன் கைமுட்டியைச் சூப்பிக்கொண்டு அமைதியாக இருந்தாள். அந்த இடைவேளைதான் பால் கொடுக்கவென்று நான் முதலே குறித்து வைத்திருந்த நேரம். பிறகு என்று கையால் சைகை காட்டினேன். விசில் ஊதிவிட்டது.

மூன்றாம் பகுதியைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒருத்தியின் மூச்சு என் கழுத்தில் பட, நான் அவளை மறித்து நின்றேன். ஒரு முழங்கை என் நெஞ்சில் இடித்தது. பால் கட்டியிருந்த நெஞ்சு, உயிர் போகிற வலி. கட்டிய துணி நனைவது தெரிந்தது. இத்தனை நாளும் மூன்றடி என்பது எனக்கு வசதியாகவும் இருந்ததோ என்று அந்த நேரத்தில் நினைத்தேன். அந்தச் சட்டத்தை எழுதிய நாளில் பிள்ளை இல்லை, அப்படி இருக்க முடியாது. ஆனாலும் நினைத்தேன். பிறகு பந்து என் கைக்கு வந்தது. பலகையைப் பார்க்காமல், பழகியபடி நேரே வளையத்துக்குப் போட்டேன். விழுந்தது. அணித்தலைவி என் முதுகில் அடித்துக்கொண்டு ஓடினாள். அந்த அடி எனக்கு இப்போதும் வேண்டும்.

நாலாம் பகுதி தொடங்கும்போது ஐந்து புள்ளிதான் வித்தியாசம். அவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது மகள் அழத் தொடங்கினாள். அவர் கதிரையை விட்டு எழும்பி நடந்தார், ஆட்டினார், பந்தைக் காட்டினார். அந்த அழுகை எனக்குத் தெரியும். அது பராக்குக் காட்டினால் நிற்கிற அழுகை இல்லை. நான் இரண்டு தரம் பந்தைத் தவறவிட்டேன்.

"போயிட்டு வா," என்றாள் அணித்தலைவி. "கொஞ்சம் குடுத்துப்போட்டு ஓடி வா. மிச்சத்துக்கு நீ வேணும்."

இன்னும் ஆறு நிமிடம் இருக்க, எனக்குப் பதிலாக ஒருத்தி இறங்கினாள். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஓடினேன். ஒரு நிமிடம் கொடுத்தால் அடங்கியிருப்பாள். ஆனால் என் உடம்பு அடுப்பு மாதிரிச் சுட்டது. பிள்ளையைத் திரும்ப அவரிடம் கொடுத்துவிட்டு, குழாயைத் திறந்து நெஞ்சைக் கழுவினேன். முதல் பாலைப் பீச்சினேன். ஆறுவதற்காகக் காத்திருந்தேன். பிள்ளை அலறினாள்.

"உடனே குடுமன்," என்றார் அவர்.

"மாமி சொன்னவா."

"அம்மா இஞ்சை இல்லையே."

இல்லைத்தான். ஆனால் போகிற வழியில், பஸ்சில், ஓமந்தை வரிசையில் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கினால்? விளையாட்டுக்காக அவசரப்பட்டாள் என்று நானே என்னைச் சொல்வேன். காத்திருந்தேன். தாங்கிக்கு அந்தப் பக்கம் பந்து தரையில் அடிபடுகிற சத்தம், சப்பாத்துக்கள் உரசுகிற சத்தம், எங்கள் அணித்தலைவி 'கிட்ட போ, கிட்ட போ' என்று கத்துகிற சத்தம். மகள் வாய் வைத்துக் குடிக்கத் தொடங்கி, கண் மூடிக்கொண்டு போகிற நேரத்தில் நீளமாக ஒரு விசில் கேட்டது.

இரண்டு புள்ளியால் தோற்றோம்.

ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த முஸ்லிம் பிள்ளை வந்து மகளின் காலைப் பிடித்துப் பார்த்தாள். "நீங்க போன புறகுதான் அக்கா எங்களுக்கு மூச்சு வந்திச்சி," என்றாள். "இனி நாங்க உங்கட ஊருக்கு வாறம். நாப்பது நிமிசமும் நீங்க நிக்கோணும். இவங்களுக்குப் பால் எல்லாம் முதலே குடுத்திடுங்க." அணித்தலைவியும் அவளும் கைகொடுத்துக்கொண்டார்கள். மறு ஆட்டம் எங்கள் தளத்தில் என்று முடிவானது.

வீட்டுக்கு வந்ததும் மாமி முதலில் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தா.

"ஆறவிட்டுத்தானே குடுத்தனீ?"

"ஓம் மாமி."

"வெண்டனீங்களோ?"

"இல்லை. ரண்டு புள்ளியால தோத்திட்டம். நான் பால் குடுக்கப் போன நேரம்."

மாமி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டா. "ரண்டுதானோ," என்றா. "அப்ப ஆறவிடாமல் கொஞ்சம் கெதியாக் குடுத்திருக்கலாம்."

அன்றைக்குக் குசினிக்குள் போய் நான் அழுதேன். கோபமா, சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

மறு ஆட்டத்தை உடனே வைத்திருக்கலாம். மழை வந்தது. மழைக்குப் பிறகு அறுவடை, தளம் முழுக்க நெல். நெல் அள்ளித் தளம் வெறுமையானதும் அணித்தலைவி என்னிடம் வந்தாள். வவுனியாப் பிள்ளைகள் வரச் சம்மதம், அடுத்த ஞாயிறு. அப்போது மகளுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. பால் மறக்கப்பண்ணுகிற நேரம். முதல் நாள்தான் காய்ச்சல் விட்டிருந்தது.

"ஒரு மாசம் பொறுப்பமே?" என்றேன். "இவளுக்குப் பால் நிண்டுட்டால் எனக்கு ஒரு யோசினையும் இல்லை. முழுதா விளையாடுவன்."

"காய்ச்சல் விட்டிட்டுது எண்டாயே."

"திரும்பி வந்தால்?"

அவள் என்னைப் பார்த்தாள். முன்பள்ளியில் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை அது. "சரி," என்றாள், "ஒரு மாசம்தானே."

அந்த மாதத்துக்குள் பாதையில் பிரச்சினைகள் தொடங்கின. அடுத்த மாதம் பஸ் குறைந்தது. ஆவணி மாதம் திரும்பச் சண்டை மூண்டு பாதையைப் பூட்டினார்கள். காய்ச்சல் திரும்பி வரவேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சட்டி கழுவும்போது, துணி காயப்போடும்போது, பங்கருக்குள் மகளின் காதைப் பொத்திக்கொண்டு இருக்கும்போதுகூட யோசிப்பேன். தோற்றிருப்போம் போலத்தான் படுகிறது. அவர்கள் எங்களைவிட நல்லாக விளையாடுகிறவர்கள். தோல்வியைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. நாற்பதாவது நிமிடத்தில் நான் தளத்துக்குள் நின்றிருப்பேன்.

எங்கள் ஏழு பேரில் இப்போது நாலு பேர்தான் ஊரில். உயரமானவளின் குடும்பம் முல்லைத்தீவுப் பக்கம் போய்விட்டது. இயக்கத்துக்குப் போன மற்ற இருவரைப் பற்றி அவர்கள் வீட்டில் நாங்கள் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. போன மாதம் ஒரு பின்னேரம் நாலு பேரும் தளத்துக்குப் போனோம். இரண்டுக்கு இரண்டு விளையாடினோம். மகளைச் சாக்கில் இருத்தியிருந்தேன். நடுவில் அணித்தலைவி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அவள் தன்ரை பாட்டுக்கு மண்ணளைஞ்சு கொண்டிருக்கிறாள்," என்றாள். "நீதான் திரும்பித் திரும்பிப் பாக்கிறாய்."

"பாக்காமல் விளையாட எனக்கு வராது."

"அப்ப பாத்துப் பாத்து விளையாடு. நிண்டு போகாதை."

இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. எங்கள் அயலில் ஒரு அக்கா இருக்கிறா, வருத்தத்துக்கு மருந்தெடுக்க, பூட்டிய பாதையைத் தாண்டுகிற பாஸ் எடுத்து வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவ. போன கிழமை திரும்பி வந்தபோது எனக்கு ஒரு சொல் கொண்டுவந்தா. அந்தப் பிள்ளை, எங்களுக்குத் தண்ணீர் தந்தவள், கிளினிக்கில் இந்த அக்காவைக் கண்டு எந்த ஊர் என்று விசாரித்து என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அவளுக்குக் கல்யாணம் பேசி முடிந்துவிட்டதாம். அதற்குப் பிறகு விளையாடுவதில்லை என்று முடிவாம். "அதுக்கு முதல் அந்த ஆட்டத்தை வைக்க ஏலுமோ எண்டு கேக்கச் சொன்னவா," என்றா அக்கா. பிறகு தானே, "பாவம், அந்தப் பிள்ளைக்கு இஞ்சத்தை நிலைமை விளங்கேல்லை," என்றா. எனக்கென்றால், விளங்கித்தான் கேட்டிருக்கிறாள் என்று படுகிறது.

அக்காவுக்கு அடுத்த கிளினிக் திங்கட்கிழமை. அவவிடம் கடிதம் கொடுத்துவிடலாம் என்று நேற்று மகள் நித்திரையான பிறகு, மத்தியான வெயிலில் யன்னலோரம் இருந்து எழுதினேன். 'கல்யாணம் முடிந்தாலும் விளையாடலாம். பிள்ளை பிறந்தாலும் விளையாடலாம்.' எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். நல்ல எழுத்து, நேரான வரி. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல எழுதியிருந்தேன். அந்த இரண்டாவது வரியை வெட்டினேன். அதன் மேலே, இடமில்லாமல் நெருக்கி எழுதினேன்: 'பிள்ளை பிறந்த பிறகு நான் முப்பத்துநாலு நிமிடம் விளையாடியிருக்கிறேன். மிச்ச ஆறு நிமிடமும் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வந்தால் எழுதுங்கோ.'

வெட்டிய இடம் வடிவில்லாமல் இருக்கிறது. திரும்ப எழுதப் புதுத் தாள் எடுத்தேன். பிறகு அதை வைத்துவிட்டு, வெட்டிய தாளையே மடித்து உறையில் போட்டேன்.